கடித்தது யார் வீட்டு நாய்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெருநாய்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் வாசகர் கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அதே மாதம் அந்த உத்தரவைத் திருத்தி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. அன்றிலிருந்து டீக்கடையிலும் ரயில் பெட்டியிலும் இதே பேச்சுதான். தெருநாய்களே இருக்கக் கூடாது என்கிறவர்கள் ஒரு பக்கம், அவற்றுக்குச் சோறு வைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் பேசாமல் விட்ட நாய் ஒன்று இருக்கிறது. நம் வீட்டு கேட்டுக்குள் சங்கிலியில் கிடக்கிற நாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஊசி போடும் அறையில்தான் போனது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. நாள் தவறாமல் வர வேண்டும், வயிறு வீங்கிக் கன்றிப் போகும், குழந்தைகள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே கத்துவார்கள். 2004ஆம் ஆண்டோடு அந்த மருந்து நாடு முழுக்க நின்றது. இப்போது கையில் போடும் சின்ன ஊசி. கடித்த அன்று, பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். வலி குறைந்ததற்கு நான் எத்தனையோ தடவை சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஊசி மாறியது, வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி மாறவில்லை. "எந்த நாய் கடிச்சது? தெரு நாயா, வளர்க்கிற நாயா?" தெருநாய் என்று சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் "நம்ம வீட்டு நாய்தான் சிஸ்டர்", "பக்கத்து வீட்டு நாய் சிஸ்டர்" என்று சொன்னவர்களும் வாரம் தவறாமல் வந்தார்கள். நாய் சாப்பிடும்போது தட்டுப் பக்கம் தவழ்ந்து போன குழந்தை. குட்டி போட்ட நாயிடமிருந்து குட்டியைத் தூக்கிய பையன். சிலிண்டர் இறக்க வந்தவர். கேட் கம்பிக்கு இடையில் கையை விட்டுப் பேப்பர் போட்ட பையன். விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை. மாடிப்படிக்கு அடியில் கட்டியிருந்த நாய்க்குச் சோறு வைக்கப் போன வேலைக்கார அம்மா, அவருக்கு உள்ளங்கை கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு மறுநாள் வேலை போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றைக்கும் நினைத்தால் மனது ஆறவில்லை.

அவர்களைக் கூட்டி வந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. பதறிப் போய்த்தான் வருவார்கள். "நல்ல நாய்தான், ஏன் இப்படிச் செஞ்சதுன்னே தெரியல" என்பார்கள். அதுதான் உண்மை, அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. நாய் ஏன் கடிக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் ஒவ்வொருவரிடமும் அடுத்து கேட்பேன், நாயை எங்கே கட்டியிருக்கிறீர்கள், எவ்வளவு நேரம் கட்டியிருக்கிறீர்கள் என்று. பகல் முழுக்க கட்டித்தான் இருக்கும், ராத்திரி காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விடுவோம் என்பதுதான் வழக்கமான பதில். சில வீடுகளில் ராத்திரியும் கிடையாது. இரண்டு முழச் சங்கிலி, அதே இடத்தில் சோறு, அதே இடத்தில் கழிவு, மேலே தகரக் கூரை. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். வெளியாளைப் பார்க்காமல் வளர்த்தால்தான் காவலுக்கு ஆகும், இருட்டறையில் போட்டால்தான் ரோஷம் வரும், சோற்றில் மிளகாய்த்தூள் கலந்து கொடுத்தால் மூர்க்கம் ஏறும் என்றெல்லாம் நம் பக்கத்தில் சொல்வார்கள். மிளகாய்த்தூள் வயிற்றைப் புண்ணாக்கும். இருட்டறை பயத்தைக் கொடுக்கும். வலியும் பயமும் உள்ள நாய் எதிரே வருவது கள்ளனா குழந்தையா என்று பார்க்காது.

இதையெல்லாம் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உரியவர் நடக்க விடாமல் இருப்பது குற்றம். போதிய தீனியும் தண்ணீரும் நிழலும் தராதது குற்றம். காரணமில்லாமல் கைவிடுவது குற்றம். இந்தச் சட்டம் வருவதற்கு வழி போட்டவர் நம் மண்ணின் பெண்மணிதான். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாக இதை முதலில் கொண்டுவந்தார். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், வாரியம் வெகுகாலம் சென்னையில்தான் இயங்கியது. வருத்தம் என்னவென்றால், முதல் தடவை குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தொகை ஏறவில்லை. அவர் பட்ட பாட்டுக்கு நாம் தருகிற மரியாதை இது இல்லை.

சரி, நாயை அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் மனதில் அதிகம் இருப்பது அதுதான்.

எங்கள் ஊர் ராஜபாளையம். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெள்ளை நாய்தான் நினைவுக்கு வரும். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது அதில் எங்கள் நாயும் இருந்தது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். இந்த வெள்ளைக்குப் பின்னால் ஒரு சோகம் இருப்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. உடம்புக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். காது கேட்பதற்கு அவை தேவை. முழு வெள்ளையாகப் பிறக்கும் சில குட்டிகளுக்கு அவை அங்கே இருப்பதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே காது நிரந்தரமாகக் கேட்காமல் போய்விடும். நிறப்புள்ளி விழுந்த குட்டியை மட்டமாக நினைத்து ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையாக, அதுவும் நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் இப்படிக் குட்டிகள் கூடத்தான் செய்யும்.

அப்படி ஒரு நாய்தான் என் முத்து. ஒரு நாள் தோப்புக்காரர் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊசி அறைக்கு வந்தார். முழங்கைக்குக் கீழே கடி. நாய் படுத்திருந்த இடத்தில் அந்த அம்மா கூட்டிப் பெருக்கப் போயிருக்கிறார், நாய் தூக்கிவாரிப் போட்டு எழுந்து கடித்துவிட்டது. "திமிர் பிடிச்ச நாய் சிஸ்டர். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காது. எத்தனை அடிச்சாலும் புத்தி வரல" என்றார். காயத்தைக் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அப்போதே சந்தேகம். "வெள்ளை நாயா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். "தூங்கும்போது தட்டைக் கீழே போட்டா எந்திரிக்குமா?" என்றேன். அவர் யோசித்தார். மனைவிதான் சொன்னார், "இல்லக்கா, ஆள் பக்கத்துல வந்து நின்னாத்தான் முழிக்கும்."

அந்த நாய் திமிரில் திரும்பாமல் இருக்கவில்லை. அவர் கூப்பிட்டது அதற்குக் கேட்டதே இல்லை. எதற்கு அடி விழுகிறது என்று தெரியாமலே மாதக்கணக்கில் அடி வாங்கியிருக்கிறது. தூக்கத்தில் யாரோ தொட்டால் அதற்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அடி வருகிறது என்பதுதான். கால்நடை மருத்துவர் பார்த்து இரண்டு காதும் கேட்காது என்று உறுதியாகச் சொன்னார். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும், அதுவும் நல்லபடியாக முடிந்தது. தோப்புக்காரர் கண்கலங்கி நின்றார். காது கேளாத நாயைத் தோப்பில் வைத்திருக்க அவரால் முடியாது, வெளியே விரட்டவும் மனம் வரவில்லை. என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முத்துவுக்கு முதலில் நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கை என்றால் சோறு என்பது மட்டும் அதற்குப் புரிய வேண்டும் என்று நினைத்தேன். முன்பக்கமாக, அது பார்க்கும்படி வந்து, அவித்த முட்டையில் ஒரு துண்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் சுருண்டு படுத்துவிடும். அதனால் அதற்கான சைகைகள் எல்லாவற்றையும் என் இடுப்புக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன். உள்ளங்கையைத் தரையைப் பார்த்து இறக்கினால் உட்கார். விரலை மடக்கி என் பக்கம் இழுத்தால் வா. கட்டை விரலை நீட்டினால் சபாஷ், உடனே முட்டை.

தூக்கத்திலிருந்து எழுப்புவதுதான் சிரமம், ஆபத்தும் அங்கேதான். வாசனையைப் பிடித்துக்கொண்டேன். மூக்குக்கு அருகே கருவாட்டுத் துண்டை நீட்டிக் காத்திருப்பேன், மூக்கு அசையும், கண் திறக்கும், கொடுத்துவிடுவேன். பிறகு வாசனை காட்டும்போதே தோளில் மெதுவாக ஒரு விரல் வைப்பேன். இன்னும் கொஞ்ச நாள் கழித்து விரல் முதலில், கருவாடு பிறகு. இப்போது தோளைத் தொட்டால் கண் திறப்பதற்கு முன்னாலேயே வால் ஆடுகிறது. யாரைக் கடித்து ஊசி அறைக்கு அனுப்பியதோ அந்த அம்மாவே ஒரு நாள் வந்து தோளில் விரல் வைத்து எழுப்பிவிட்டுப் போனார்.

காது கேளாத நாயைக் கூப்பிட வேண்டுமென்றால் அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது. தானாக என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பொட்டுக்கடலை. அவ்வளவுதான். வாசலில் நின்றாலும் சரி, பூனை ஓடினாலும் சரி, திரும்பி ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இருட்டினால் வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்து எரியவிடுவேன், வந்துவிடும். ரோட்டில் கயிறு இல்லாமல் ஒருபோதும் கூட்டிப் போவதில்லை, பின்னால் வரும் வண்டி அதற்குத் தெரியாது. கழுத்துப் பட்டையில் 'காது கேட்காது' என்று எழுதிப் போன் நம்பரும் போட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று, பின்னால் ஓடி வந்து தொடக் கூடாது, எதிரே வந்து நில்லுங்கள் என்று. பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

இது காது கேளாத நாய்க்கு மட்டும் உள்ள வழி இல்லை. எந்த நாயும், தான் ஒன்று செய்த அடுத்த நொடியில் தனக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறது. கூப்பிட்டு நேரம் கழித்து வந்த நாயை அடித்தால், போனதற்கு அடி என்று அது எடுத்துக்கொள்ளாது. வந்ததற்கு அடி என்று எடுத்துக்கொள்ளும், அடுத்த தடவை வராது. வீட்டுக்குள் சிறுநீர் போன குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பவர்கள் உண்டு. அந்தக் குட்டி கற்றுக்கொள்வது, நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது என்பதைத்தான். அதனால் கட்டிலுக்கு அடியில் போகும். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போய், போனதும் அங்கேயே ஏதாவது ஒரு துண்டு தின்னக் கொடுங்கள். சீக்கிரமே பழகிவிடும். குட்டி கையைக் கவ்வுவது நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற அரிப்பு. அதன் வாயில் அடிக்காதீர்கள், கடிக்க நனைத்த துணி முடிச்சு ஒன்று கொடுங்கள்.

"நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும், இல்லேன்னா ஏறி மிதிச்சிரும்" என்று சொல்லாத ஆள் இல்லை. நாயைக் குப்புறத் தள்ளி அமுக்கிப் பிடிப்பது, கழுத்தைப் பிடித்து உலுக்குவது எல்லாம் இந்த எண்ணத்தில் வந்தவைதான். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டு, அவை சண்டை போட்டதைப் பார்த்து எழுதிய ஆராய்ச்சியிலிருந்து கிளம்பிய கருத்து அது. அதை உலகமெல்லாம் பரப்பியவர்களில் முக்கியமானவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் வாழும் ஓநாய்களை வருடக்கணக்கில் பார்த்த பிறகு 1999இல் தாமே அதைத் திருத்தினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், பெற்றவர்கள் வழி காட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்றார். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கழுத்தைச் சுண்டி இழுப்பது, அதட்டுவது போன்ற முறையில் பழக்கிய நாய்களின் எச்சிலில், பயிற்சி முடிந்ததும் மன அழுத்தச் சுரப்பு கூடியிருந்தது. தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கு அப்படி இல்லை. மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டையை வேல்ஸ் நாடு 2010லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் அது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வருகிறது.

ஊசி அறையில் நான் பார்த்ததில் மிகவும் ஆபத்தான பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். உறுமும் நாயை அடிப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறுமுவது "எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ" என்று நாய் சொல்லும் பேச்சு. அதற்கும் முன்னாலேயே அது சொல்லிப் பார்த்திருக்கும். முகத்தைத் திருப்பும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை ஓரம் தெரியப் பார்க்கும். கடைசியாக உடம்பு கல் மாதிரி விறைக்கும். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நாம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிற நேரத்தில் இத்தனையும் நடந்திருக்கும். உறுமியதற்கு அடித்து அடித்து அந்தச் சத்தத்தையும் நிறுத்திவிட்டால், அப்புறம் முன்னறிவிப்பு இல்லாமல் நேரே பல்தான். "எந்தச் சத்தமும் போடல சிஸ்டர், திடீர்னு கடிச்சிருச்சு" என்று வந்தவர்களிடம் விசாரித்தால், முன்பு உறுமும், அடித்துத் திருத்திவிட்டோம் என்பார்கள். உறுமினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். நாய்க்கு எதில் பயம் என்று பாருங்கள், தூரத்தில் வைத்து மெல்ல மெல்லப் பழக்குங்கள். சாந்தமாக இருந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் காது, பல், இடுப்பு என்று எங்காவது வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குட்டி வாங்கும் இடத்திலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. பிறந்து மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மனது புதியதை எல்லாம் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் ஹெல்மெட் போட்ட ஆள், குடை, ஊன்றுகோல், சிலிண்டர் உருளும் சத்தம், தாடிக்காரர், பர்தா போட்ட அம்மா, ஓடுகிற பிள்ளை எல்லாவற்றையும் நல்லபடியாகப் பார்த்துவிட்டால் பிற்காலத்தில் அவற்றைப் பார்த்துப் பாயாது. தடுப்பூசி முடியும் வரை தெருத் தரையில் விட வேண்டாம், பார்வோ நோய் ஒட்டிக்கொள்ளும். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் போதும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. கண் திறந்து சில நாளான குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தமாகக் கவ்வினால் வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. அந்தப் பாடம் படிக்காமல் வரும் குட்டிதான் பிறகு உங்கள் பிள்ளையின் கையில் ஆழமாகப் பல் பதிக்கிறது.

எங்கள் ஊரில் நாய் வளர்த்து விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலர் தலைமுறையாக இதைச் செய்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் இந்த இனமே இருந்திருக்காது, அந்த நன்றி எனக்கு உண்டு. குட்டிக்குக் காது கேட்கிறதா என்று விற்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்காவிட்டால் வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எப்படி வளர்ப்பது என்றும் சொல்லுங்கள். காது கேளாத ஆண், பெண்ணை மேற்கொண்டு சேர்க்காதீர்கள். புள்ளி விழுந்த குட்டியும் ராஜபாளையம்தான்.

வெளிநாட்டு இனங்களைப் பற்றி ஒரு வரி. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை எங்கள் ஊர் வெயிலில் கட்டிப் போடுவது பாவம். ஆசைக்கு வாங்கி, மருத்துவச் செலவு கட்டுப்படியாகாமல், பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போன லாப்ரடார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெருவில் பிழைக்கத் தெரியாது அவற்றுக்கு. போகிற ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஓடி, விட்டுப் போனவரைத் தேடும்.

நாய் வளர்ப்பது ஒன்றும் நமக்குப் புதிது இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமைக் கூட்டத்தைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் காத்து நின்றதாகக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள் என்றால், அது அவர்கள் கூடவே வாழ்ந்த நாயாகத்தான் இருந்திருக்க வேண்டும். கூட வாழ்கிற நாய்தான் காவல் காக்கும் என்று எங்கள் ஊர்த் தோட்டங்களில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர்களும் சொல்வார்கள்.

நகராட்சிகளிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று இறுக்கிப் பிடித்தது. எங்களைப் போன்ற சிற்றூர்களிலும் அது வேண்டும். ஆனால் முதல் நாளே அபராதம் என்று ஆரம்பித்தால் ஆட்கள் நாயைத் தெருவில் விட்டுவிடுவார்கள். வார்டுக்கு ஒரு முகாம் போட்டு, வெறிநோய்த் தடுப்பூசி, உரிமம் இரண்டையும் அங்கேயே கொடுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஊரில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030க்குள் நாயால் வரும் வெறிநோய்ச் சாவே இருக்கக் கூடாது என்று நம் நாடு இலக்கு வைத்திருக்கிறது. வீட்டு நாய்களைக் கணக்கில் எடுக்காமல் அங்கே போய்ச் சேர முடியாது. கருத்தடையும் அதே முகாமில் பதிவு செய்யலாம். தெருவில் பிறப்பதாக நாம் நினைக்கும் குட்டிகளில், காம்பவுண்டு நாய் ராத்திரி வெளியே போய்ப் பெற்றவையும் உண்டு.

நாய் வைத்திருப்பவர்களே, உங்கள் நாய் யாரையாவது கடித்து, அது உங்கள் அலட்சியத்தால் நடந்தது என்றால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ கிடைக்கலாம். அந்தப் பயத்துக்காக இல்லாவிட்டாலும், சிலிண்டர் தூக்கி வருகிறவருக்கும் குப்பை வாங்க வருகிற அக்காவுக்கும் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பதற்காகவாவது கேட்டைத் திறக்கும் முன் நாயை உள்ளே விடுங்கள். நடக்கக் கூட்டிப் போகும்போது கயிறு கையில் இருக்கட்டும், அது போனதை அள்ள ஒரு காகிதமும் இருக்கட்டும். தினம் காலையும் மாலையும் அரை மணி நேரம், அது விருப்பப்பட்ட இடத்தில் நின்று மோந்து பார்க்க விடுங்கள். வீட்டில் பாதிச் சேட்டை அதிலேயே குறைந்துவிடும்.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் கடித்துவிட்டால், யார் நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், முதலில் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். இவை அத்தனையும் அப்பிய காயங்களை நான் கழுவியிருக்கிறேன். கட்டுப் போடாமல் நேரே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். ரத்தம் வந்த கடிக்கு ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு பிழைக்க வைக்க எந்த மருந்தும் இல்லை. தண்ணீரைப் பார்த்து நடுங்கிய ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நான் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறேன். வீட்டு நாய்க்குட்டி பிறாண்டியதுதானே என்று விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

ஆசிரியர் அவர்களே, செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அன்றைக்கு உங்கள் முதல் பக்கத்தில் காயத்தைக் கழுவும் முறையையும் ஊசி போடும் நாட்களையும் ஒரு கட்டத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், மக்கள் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். உங்கள் முகவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, நாய் உள்ள வீடுகளில் கேட்டுக்கு வெளியே பேப்பர் போட ஒரு பெட்டியோ பையோ கட்டச் சொல்லுங்கள். விடியற்காலையில் உங்கள் நாளிதழைக் கொண்டுவரும் பையன்களின் கை கேட்டுக்குள் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
ராஜபாளையம்.